கோ. நடேசய்யரும் தோட்டத்துப் பிள்ளைகளும்

1915ஆம் ஆண்டு. கொழும்பில் இந்திய வர்த்தகர்களைச் சந்திப்பதற்காகத் தஞ்சாவூரிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். பெயர் கோதண்டராம நடேசய்யர். ஆசிரியராகப் பணியாற்றியவர். 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். அதற்குச் சந்தா சேர்ப்பதும் வியாபாரிகளின் ஆதரவைப் பெறுவதுமே அவர் வந்த காரியம். வந்த காரியம் முடிந்ததும் கப்பலேறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமே இருந்திராது. மலைநாட்டிலே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தம் நாட்டு மக்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

அது அவர் நினைத்ததுபோல் இலேசான காரியமாக இருக்கவில்லை. தோட்டம் என்பது தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி உள்ளே காலடி வைத்தால் அத்துமீறல் என்று பொலிசில் பிடித்துக் கொடுக்கலாம். சொந்தக்காரனைப் பார்க்க வந்தேன் என்று சொன்னாலும் செல்லாது. படித்தவன், பத்திரிகைக்காரன் என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒருவருக்கு மட்டும் லயத்து வாசல் வரையில் வழி இருந்தது. அவர் புடவை மூட்டையைத் தோளில் சுமந்து வரும் வியாபாரி. நாவலப்பிட்டியிலும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கடை வைத்திருந்த குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த மூட்டை வியாபாரம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. சம்பள நாளை அறிந்து, மழையையும் அட்டையையும் பொருட்படுத்தாமல், தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிய முதியோர் நம் குடும்பங்களிலும் இருந்திருக்கிறார்கள். நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்திலேயே தோட்டங்களுக்குள் நுழைந்தார். புடவையை விரித்துக் காட்டும் சாக்கில் காம்பராக்களின் முன்னே உட்கார்ந்தார், பேச்சுக் கொடுத்தார், பார்த்தார்.

அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையைப் பற்றி அரசாங்க அறிக்கைகளிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். பிரட்டுக் களத்தில் ஆண், பெண், பிள்ளை எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். சில இடங்களில் இரண்டு குடும்பம். சமையலும் படுக்கையும் பிரசவமும் அதற்குள்ளேதான். தாய் கொழுந்துக் கூடையுடன் மலைக்குப் போனால் கைக்குழந்தை பிள்ளை மடுவத்துக்குப் போகும். மடுவம் இல்லாத தோட்டத்தில் ஏழு எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்தில் இருக்கும். தோட்டப் பாடசாலையின் பதிவேட்டில் யாருடைய பெயருக்கு நேரே வரவுக்குறி இல்லாமல் போயிற்று என்று தேடினால், பல வேளைகளில் அது இந்தப் பெண்பிள்ளையின் பெயராகத்தான் இருக்கும்.

பாடசாலை இருக்கவில்லையா என்றால், சட்டத்தில் இருந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையின் மேல் வைத்தது. 6 வயதிலிருந்து 10 வயது வரை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அந்தக் கடமையை மீண்டும் வலியுறுத்தியது. ஆனால் துரைக்குத் தேவைப்பட்டவை கைகள். எழுத்தறிந்த கைகள் அல்ல. எனவே பாடசாலை என்பது பெரும்பாலும் லயத்தின் ஒரு கோடியிலோ கங்காணி வீட்டு இஸ்தோப்பிலோ கொழுந்து மடுவத்தின் ஓர் ஓரத்திலோ நடந்தது. ஒரே ஆசிரியர், பல சமயம் அவரே தோட்டத்துக் கணக்கு வேலையும் பார்த்தார். எல்லா வகுப்பும் ஒரே அறையில். பத்து வயதானதும் பிள்ளை பேர் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்கிவிடும். பத்து வயதுக்குப் பிறகு என்ன என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவே இல்லை.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், 1906-07இல், அமெரிக்காவின் நியூயோர்க், பொஸ்டன், ஹார்ட்போர்ட் ஆகிய நகரங்களில் ஒரு புது முயற்சி தொடங்கியது. பாடசாலைக்கு ஒழுங்காக வராத பிள்ளையின் வீட்டைத் தேடி ஓர் ஆசிரியை போவார். தகப்பனுக்கு வேலை இருக்கிறதா, தாய் நோயாளியா, பிள்ளை ஏதாவது பட்டறையில் வேலை செய்கிறதா என்று விசாரிப்பார். பாடசாலைக்கும் வீட்டுக்கும் நடுவே நின்று வழி தேடுவார். இவர்களை வருகை ஆசிரியைகள் என்றார்கள். இன்று உலகெங்கும் பாடசாலைச் சமூகப் பணி என்று வழங்கும் துறையின் வேர் அது. பிள்ளையின் படிப்பு பிள்ளையோடு மட்டும் முடிகிற காரியமல்ல, குடும்பத்தின் கடனோடும் நோயோடும் கூலியோடும் பின்னியது என்பதே அவர்கள் கண்ட உண்மை. நம் மலைநாட்டில் அப்படி ஓர் ஆசிரியை லயத்துக்குப் போயிருந்தால் அவர் மேலே அத்துமீறல் வழக்குப் போட்டிருப்பார்கள். வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே இருந்த அந்த வேலியை உடைப்பதுதான் இங்கே முதல் வேலையாக இருந்தது. நடேசய்யரின் வாழ்க்கையில் பெரும்பகுதி அதற்கே போயிற்று.

வேலி என்றால் முள்ளுக்கம்பி அல்ல. கடன். தென்னிந்தியக் கிராமத்திலிருந்து குடும்பத்தை அழைத்து வரும்போதே வழிச்செலவும் முன்பணமும் கங்காணி கணக்கில் கடனாக ஏறிவிடும். பெரிய கங்காணி தன் ஆட்களை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோக நினைத்தால், இருக்கும் தோட்டத்தின் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இத்தனை ரூபா கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்பது அதன் பொருள். அதற்குத் துண்டு என்று பெயர். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுக்கும். கட்டிய தொகை மறுபடியும் ஆட்களின் தலையில் ஏறும். தோட்டம் மாற மாறக் கடன் பெருத்தது, சம்பளம் பெருக்கவில்லை. தகப்பன் இறந்தாலும் கடன் இறப்பதில்லை. கடனுக்குப் பயந்து ஓடினால் 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி அது குற்றம், சிறைத் தண்டனை. கைக்குழந்தையோடு பெண்கள் சிறைக்குப் போனார்கள்.

இதை எதிர்த்து முதலில் உரத்துப் பேசியவர்களில் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தைக் குறிப்பிடாமல் போவது நன்றியாகாது. 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கிய அவர், 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்தார். தோட்டத்திலே பிறந்து கேம்பிரிட்ஜ் வரை சென்று படித்த பெரி சுந்தரம் அதன் செயலாளர். மகஜர், கடிதம், தூது என்று அவர்கள் செய்த வேலையின் பயனாக 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டுப் போனதற்காகச் சிறையில் போடும் விதிகளும் அதையொட்டி நீங்கின. ஆனாலும் அருணாசலம் கொழும்பிலிருந்து பேசியவர். மலைக்கு வந்து குடியிருந்து பேசிய ஆள் இனிமேல்தான் வரவேண்டியிருந்தது.

நடேசய்யர் 1920இல் திரும்பி வந்தார். இம்முறை தங்குவதற்காக. டொக்டர் ஈ. வி. இரத்தினம் முதலானோருடன் சேர்ந்து 'தேசநேசன்' பத்திரிகையை நடத்தினார். தோட்டங்களில் நடக்கும் கொடுமைகள் அச்சில் வரத் தொடங்கியதும் தோட்டத் துரைமாருக்கும் பொலிசாருக்கும் இவர் மேல் கண் விழுந்தது. 1924இல் 'தேசபக்தன்' வந்தது. அதே காலத்தில் கொழும்பில் ஏ. ஈ. குணசிங்க தொழிற்சங்கம் கட்டிக்கொண்டிருந்தார். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் மலையாளத் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் நின்ற அந்தச் சில ஆண்டுகளில் நடேசய்யர் குணசிங்கவின் வலக்கையாக இருந்தார். பின்னர் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரல் அந்தச் சங்கத்துக்குள்ளேயே எழுந்தபோது இருவரும் பிரிந்தார்கள். இந்த நாட்டின் கதையில் இப்படிப் பிரிந்த இடங்கள் பல, இதுவும் ஒன்று.

சட்டநிரூபண சபையில் இந்தியருக்கு இரண்டு ஆசனங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் இருந்த முகம்மது சுல்தான் காலமாகிவிட, இடைத்தேர்தலில் நடேசய்யர் தெரிவானார். 1931இல் அந்தச் சபை கலையும் வரை அங்கே தோட்டத் தொழிலாளருக்காகப் பேசினார். சபையில் ஐரோப்பியத் தோட்டக்காரரின் பிரதிநிதிகள் எதிரே அமர்ந்திருக்க, புடவை மூட்டையோடு லயத்தில் உட்கார்ந்து கேட்ட சேதிகளை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

இக்காலத்தில் வந்த சட்டங்களுள் முக்கியமானது 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். இந்திய அரசாங்கத்தின் நெருக்குதல் அதற்குப் பெரிய காரணம். 1923 முதல் கண்டியில் இந்திய அரசின் முகவர் ஒருவரும் இருந்தார். 1929இல் நடைமுறைக்கு வந்த கூலி விகிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உயர்ந்த மலைத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். நடுத்தர மலையில் 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30. ஆணும் பெண்ணும் ஒரே மலையில் ஒரே மழையில் நின்றாலும் பெண்ணின் கூலி 11 சதம் குறைவு என்று சட்டமே எழுதி வைத்தது. மூன்றாவது எண்தான் நமக்கு முக்கியம். பிள்ளைக்குக் கூலி விகிதம் என்று ஒன்று அரசாங்க வர்த்தமானியில் இருந்தது. தாயும் தகப்பனும் உழைத்தால் ஒரு நாளைக்கு 97 சதம். ஒரு பிள்ளையும் உழைத்தால் 1 ரூபா 29 சதம். குடும்ப வருமானத்தில் கால்பங்கு அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது. அந்தப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பச் சொல்வது சுலபம். அனுப்பினால் வீட்டில் அரிசி கால்பங்கு குறையும் என்பதை அறிந்துகொண்டு சொல்வது கடினம். தோட்டத்துப் பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியாது என்று அன்று அறிக்கைகள் எழுதியவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதே ஏற்பாட்டில் இன்னொரு சிறு விதியும் இருந்தது. வேலை செய்யும் ஒவ்வோர் ஆணுக்கும் மாதம் 1/8 புசல் அரிசி இலவசம். வேலைக்குப் போகும் வயது வராத பிள்ளையுள்ள கைம்பெண்ணுக்கும் அதே அளவு. அளவைப் பார்த்தால் சொற்பம்தான். ஆனால் தகப்பனில்லாப் பிள்ளையை வளர்க்கும் தாய்க்கென்று தனியாக ஒரு பங்கு உண்டு என்று மலைநாட்டில் எழுதப்பட்ட விதி அது. குடும்பத்தைத் தாங்கினால்தான் பிள்ளையைத் தாங்க முடியும் என்ற எண்ணம், அரைமனதோடாவது, அந்த அரைக்கால் புசலில் இருந்தது. விதி எழுதப்பட்டாலும் அதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டுமே. எழுத வாசிக்கத் தெரியாத ஒரு கைம்பெண் துரையின் கந்தோர் வாசலில் நின்று, சட்டப்படி எனக்குரியது இது என்று எப்படிச் சொல்வாள்?

இந்த இடத்தில்தான் நடேசய்யரின் வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். மேடைப் பேச்சுக்கு மட்டுமானால் அக்காலத்தில் வேறு பலரும் இருந்தார்கள். இவர் சட்டத்தை எளிய தமிழில் அச்சிட்டு லயத்துக்குள் அனுப்பினார். தொழிலாளர் சட்டப் புத்தகம் ஒன்றை எழுதினார். தொழிலாளியின் உரிமை என்ன, கடமை என்ன, பற்றுச்சீட்டு இல்லாமல் நிறுத்தினால் யாரிடம் முறையிடுவது, சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் எதைப் பிடிக்கக்கூடாது என்பதையெல்லாம் சாதாரண மனிதருக்கு விளங்கும் நடையில் சொல்ல முயன்றார். லயத்தில் ஒருவருக்கு வாசிக்கத் தெரிந்தால் போதும். மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். முன்னாளில் ஆயில் எஞ்சின் பற்றியும் காப்புறுதி பற்றியும் தமிழில் நூல் எழுதியவருக்குச் சட்டத்தைத் தமிழாக்குவது கைவந்த வேலையாக இருந்திருக்கும். ஆசிரியராக இருந்தவர், வகுப்பறையை விட்ட பிறகும் ஆசிரியராகவே இருந்தார் என்று தோன்றுகிறது.

1930ஐ ஒட்டி அவர் கொழும்பைவிட்டு ஹட்டனுக்கே குடிபெயர்ந்தார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அங்கே உருவானது. தோட்டத் தொழிலாளருக்கென்றே மலைநாட்டில் எழுந்த முதல் தொழிற்சங்கம் அது. ஹட்டன் கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள் வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வாகனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் புறப்பட்டு மலை இறங்கி நடந்து வர வேண்டும். இருட்டுமுன் திரும்ப வேண்டும். மறுநாள் பிரட்டில் கங்காணி பெயர் கேட்பார். துரைமாருக்கு ஆதரவான கங்காணிகள் எதிர்க்கூட்டம் கூட்டினார்கள். சங்கத்தில் சேர்ந்தவரைத் தோட்டத்தைவிட்டு வெளியேற்றுவதும் நடந்தது. அது வேலை போவது மட்டுமல்ல. காம்பராவும் போகும், பிள்ளையின் பாடசாலையும் போகும். எல்லாமே ஒரே துரையின் கையில் இருந்தன.

அந்த ஆண்டுகளில்தான் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலை விலை விழுந்தது. குறைந்தபட்சக் கூலி என்று சட்டமாக்கியதையே குறைத்தார்கள். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சம்மேளனம் கூலிக் குறைப்பை எதிர்த்துப் போராடியது. தடுத்து நிறுத்த முடியவில்லை.

மீனாட்சி அம்மையைப் பற்றிச் சொல்லாமல் இக்கதையைச் சொன்னால் பாதிக் கதைதான். நடேசய்யரின் துணைவியார். 'தேசபக்தன்' பத்திரிகையில் பெண்களின் நிலை பற்றி எழுதியவர். பத்திரிகை வேலையில் கணவரோடு சரிபாதியாக நின்றவர். அவருடைய தனிச்சிறப்பு பாட்டு. பாரதியார் பாடல்களை மலைநாட்டு மேடைகளில் பாடிப் பரப்பினார். தொழிலாளரின் துயரத்தையும் அன்றைய அரசியலையும் தாமே பாட்டாக இயற்றினார். மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டுகளிலேயே அவற்றைப் பாடினார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அவருடைய பாடல்கள் சிறு நூலாக வெளிவந்தன.

பாட்டு எதற்கு என்று கேட்கலாம். எழுத்தறியாதவரிடம் பத்திரிகை போகாது. அதிகம் போனால் வாசித்துக் காட்டுவார் ஒருவர். பாட்டு தானாகவே போகும். கூட்டத்துக்கு வந்த ஆண் அதை மனத்தில் வைத்துக்கொண்டு லயத்துக்குப் போவான். கொழுந்து எடுக்கும் பெண்கள் மறுநாள் மலையில் பாடுவார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் வாயிலேயே வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு அரசியலைக் கொண்டுபோக அதைவிட நல்ல வழி இல்லை என்று அவர் கண்டார். அக்காலத்தில் குடும்பப் பெண் ஒருத்தி பொது மேடையில் ஏறி நின்று பாடுவதென்றால் எவ்வளவு பேச்சைக் கேட்டிருப்பார் என்பதை நம் மாணவிகளே ஊகிக்கலாம். மேடையில் பெண்ணின் குரல் கேட்டதால் கூட்டத்துக்குப் பெண்களும் வந்தார்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள் என்பதைத் தலைவர்கள் பலர் மறந்திருந்த காலம் அது. இன்றும் தோட்டத் தொழிற்சங்கங்களின் தலைமையில் பெண்கள் மிகக் குறைவு என்பதை நினைத்தால், மீனாட்சி அம்மையை நாம் தாண்டி வந்துவிட்டோமா, அவரை எட்டவே இல்லையா என்று புரியவில்லை.

1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கு நடேசய்யர் தெரிவு செய்யப்பட்டார். 1947 வரை அங்கே இருந்தார். எழுத்தும் நிற்கவில்லை. 'நீ மயங்குவதேன்?', 'வெற்றியுனதே', 'அழகிய இலங்கை' என்று நூல்கள் வந்தன. 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்' என்று ஒரு நாடகமும் எழுதினார். சபையில் ஒரு மொழி, லயத்தில் ஒரு மொழி என்று இரண்டு உலகங்களுக்கு நடுவே அவர் பேசிக்கொண்டேயிருந்தார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கும் திட்டம் வந்தபோது எதிர்த்தார். தோட்டத்துப் பிள்ளையின் கல்வியும் அவர் விடாமல் சுமந்த விஷயங்களுள் ஒன்று.

அவரிடம் குறை இல்லையா? இருந்தது. சம்மேளனம் பெரும்பாலும் அவர் ஒருவரின் தோளிலேயே நின்றது. தோட்டத்துக்குள்ளிருந்தே அடுத்த வரிசைத் தலைவர்களை வளர்த்தெடுக்க அவரால் முடியவில்லை, அல்லது நேரம் போதவில்லை. முப்பதுகளின் நடுப்பகுதிக்குள் சங்கம் தளர்ந்துவிட்டது. பத்திரிகைகள் தோன்றித் தோன்றி நின்றன. நண்பராக இருந்தவர்களோடு முரண்பட்டார், சேர்ந்தார், மறுபடியும் முரண்பட்டார். 1939இல் நேரு வந்து போனபோது இலங்கை இந்திய காங்கிரஸ் உருவாயிற்று. மலைநாட்டுத் தொழிலாளர் அதன் பின்னால் திரண்டார்கள். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிசின் குண்டுக்குப் பலியானபோது தொழிற்சங்கப் போராட்டம் வேறொரு கட்டத்துக்குப் போய்விட்டது. அதன் முன்னணியில் வேறு பெயர்கள் இருந்தன. பாதை வெட்டியவரை விட்டுவிட்டுப் பயணம் நடந்தது. ஆனால் அவர் வெட்டிய பாதையில்தான் நடந்தது என்பதை அப்போது அதிகம் பேர் சொல்லவில்லை.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. இந்த நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்கு அது திறந்த கதவைப் பற்றி நாம் பெருமைப்படுவது நியாயமே. நம் சமூகத்துப் பெண்பிள்ளைகள் பலர் படியேறியதும் அந்தக் கதவாலேதான். ஆனால் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. பக்கத்து நகரத்துப் பிள்ளை கட்டணமின்றி மேல்வகுப்புக்குப் போக, மலைமேலிருந்த பிள்ளை அதே ஓரறைப் பாடசாலையில், அதே ஒற்றை ஆசிரியரிடம், நாலாம் ஐந்தாம் வகுப்போடு நின்றது.

1947ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் நடேசய்யர் தோற்றார். அதே தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்திலே பிறந்து வளர்ந்து ஆசிரியராக இருந்தவர். 1915இல் வேடம் போட்டுக்கொண்டு நுழைய வேண்டியிருந்த லயத்திலிருந்து 32 ஆண்டுகளுக்குள் ஒருவர் பாராளுமன்றத்துக்குப் போனார். தேர்தல் முடிந்த சில வாரங்களில், 1947 நவம்பரில், நடேசய்யர் காலமானார். அவருக்கு வயது 60. கணவர் இறந்தபின் மீனாட்சி அம்மையின் பெயர் பொதுவாழ்வில் கேட்கவில்லை. பிற்காலத்தில் சாரல்நாடன் போன்ற மலையக எழுத்தாளர்கள் பழைய பத்திரிகைகளையும் ஏடுகளையும் தேடி எடுத்து எழுதியதாலேயே இவ்விருவரையும் பற்றி இன்று நாம் இவ்வளவாவது அறிந்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டு, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து தோட்டத் தமிழர் மிகப் பெரும்பாலோர் வாக்குரிமையையும் இழந்தனர். அதைப் பார்க்க நடேசய்யர் இருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முறையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில், அவர் மறைந்து ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த 30 ஆண்டுகளில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் எத்தனையோ பேர் பேர் போட்டுக்கொண்டு மலையில் இறங்கினார்கள். அவர்களில் பலர் இன்று பாட்டன் பாட்டிமாராகத் தோட்டங்களில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஹட்டனிலும் நுவரெலியாவிலும் காலை ஏழு மணிக்குப் பஸ் தரிப்பில் நிற்கிறார்கள்.